இருட்டறையும் இரு கண்களும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். ஆனால் ஹாஸ்டல் மெஸ் கதை வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது" என்று மலர்க் குழு நண்பர் போனில் சொன்னார். எழுத்தாளன் இல்லாத எனக்கு மெஸ்ஸை விட்டால் வேறு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், போன சந்திப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம் நினைவுக்கு வந்தது.

அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் போட்டோகிராபி கிளப் மாணவர்கள் மூன்று பேர் என்னை மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் காலத்தில், அதாவது 2004 முதல் 2008 வரை, அது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் இடம். அதற்கு முன்னால் டார்க் ரூமாக இருந்தது என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாற்காலிகளை வெளியேற்றி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, பழைய என்லார்ஜர் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்கள். "பிலிம் மறுபடியும் வந்துடுச்சுண்ணா, நாங்களே கழுவிப் பிரிண்ட் போடப்போறோம்" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

அலமாரியைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அங்கே ஒன்றரை லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று, ஒட்டிய லேபிளோடு அப்படியே நின்றது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது.

"இது என்னப்பா?"

"பழைய டெவலப்பர்ண்ணா. எங்களுக்குத் தெரியும்ணா."

அந்த "எங்களுக்குத் தெரியும்" என்ற சொல்லை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

மாமாவின் கண்

என் தாய்மாமா கூடுவாஞ்சேரியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, ஹால் டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் சைஸ் என்று பிழைப்பு ஓடியது. கலர் பிலிம் எல்லாம் லேபுக்குப் போய்விடும். கறுப்பு வெள்ளையை மட்டும் அவரே கழுவுவார். கோடை விடுமுறையில் அவருக்கு எடுபிடி நான்தான். சிவப்பு பல்பு வெளிச்சத்தில் வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல மெல்லத் தெளிந்து வருவதைப் பார்ப்பது, எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத விஷயம்.

1999 மே மாதம். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். ஸ்டாப் பாத் கலக்குவதற்காக மாமா அசெட்டிக் ஆசிட் பாட்டிலை எடுத்தார். கிளேசியல் என்கிறோமே, தண்ணீர் கலக்காத முழு ஆசிட், அதுதான். மூடி இறுகிப் போயிருந்தது. பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முறுக்கினார். "மாமா, கண்ணாடி போட்டுக்கோ" என்றேன், அவர் படிக்கும் கண்ணாடியை மனதில் வைத்து. "இருபது வருஷமா கலக்கறேன் மாப்ளே, எங்களுக்குத் தெரியாதா" என்றார். மூடி திடீரென்று விட்டுக்கொடுத்தது. தெறித்தது சில துளிகள்தான். அதில் ஒன்று வலது கண்ணில் விழுந்தது.

இரண்டடி தூரத்தில் குழாய் இருந்தது. ஆனால் யாருக்கும் அது தோன்றவில்லை. மாமா கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை ஓடிவந்து ஈரத் துணியைக் கட்டினார். பக்கத்துக் கடைக்காரர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார், விட்டோம். பிறகு கண்ணைக் கட்டியபடியே ஸ்டேஷனுக்குப் போய், செங்கல்பட்டிலிருந்து வந்த மின்சார ரயிலில் ஏறி, எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அங்கே இருந்த டாக்டர் அம்மா முதலில் கேட்ட கேள்வி: "உங்க ஊர்ல தண்ணி வராதாம்மா?"

கண் போய்விடவில்லை. ஆனால் கருவிழியில் பூ விழுந்துவிட்டது. அதற்குப் பிறகும் மாமா ஸ்டுடியோ நடத்தினார், இடது கண்ணை வைத்து போகஸ் பார்த்தார். நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்வதில் அவரைப் போல் சுற்று வட்டாரத்தில் ஆள் கிடையாது என்பார்கள். அதை மட்டும் அவரால் மறுபடி செய்யவே முடியவில்லை.

இந்த விஷயத்தின் சரித்திரத்தை நான் படிக்க ஆரம்பித்ததே அந்த டாக்டர் அம்மாவின் கேள்வியால்தான். படித்ததை நம் கிளப் தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1819: ஒரே ஆண்டில் இரண்டு

எங்களைக் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயில் கொண்டுபோய் விட்ட அந்த ஆஸ்பத்திரி 1819-ல் 'மெட்ராஸ் ஐ இன்பர்மரி' என்ற பெயரில் ராயப்பேட்டையில் தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. லண்டன் மூர்பீல்ட்ஸ் இதைவிடச் சில ஆண்டுகள்தான் மூத்தது. எழும்பூருக்கு வந்தது பிற்பாடு.

அதே 1819-ல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி ஓர் உப்பைப் பற்றி எழுதினார். தண்ணீரில் கரையாத வெள்ளி உப்புகளை அது கரைத்துவிடும் என்றார். அப்போது அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. இருபது ஆண்டு கழித்து, 1839-ல் போட்டோகிராபி பிறந்தபோது, எடுத்த படம் கறுத்துப் போகாமல் நிலைக்க வைக்க அந்த உப்புதான் கைகொடுத்தது. நாம் 'ஹைப்போ' என்று சொல்வது அதைத்தான். சோடியம் தயோசல்பேட் என்பது அதன் இன்றைய வேதியியல் பெயர்.

கறுத்த விரல்கள்

அந்தக் கால போட்டோகிராபரை அவர் விரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சில்வர் நைட்ரேட் பட்ட தோல் வெளிச்சத்தில் கறுத்துவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. 1851-ல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்டுபிடித்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டைச் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டும். சொட்டச் சொட்டத் தகட்டைத் தூக்கும் வேலை. அந்தச் சொட்டு கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து.

இதே சில்வர் நைட்ரேட்டை 1880-களில் ஜெர்மானிய டாக்டர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் சொட்டு மருந்தாக விட்டு, ஆயிரக்கணக்கான குழந்தைகள் குருடாகாமல் காப்பாற்ற வழி செய்தார். அவர் விட்டது நூற்றுக்கு இரண்டு பங்கு கரைசல். பிறகு அதையும் ஒன்றாகக் குறைத்தார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இருப்பது அளவுதான் என்று நம் பாட்டிமார் சொல்வது சரிதான்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. கொலோடியன் தகட்டைக் கழுவ ஹைப்போவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் சயனைடையும் பயன்படுத்தினார்கள். வேலை சீக்கிரம் முடியும், படம் பளிச்சென்று இருக்கும் என்பதால். போதாக்குறைக்குக் கறுத்த விரல்களைச் சுத்தம் செய்யவும் சயனைடுக் கட்டியையே தேய்த்தார்கள்! தண்ணீர் என்று நினைத்துக் குடித்து இறந்தவர்களும் உண்டு. விநோதம் என்னவென்றால், பக்கத்துத் தட்டில் இருந்த ஹைப்போதான் சயனைடுக்கு மாற்று மருந்து. ஊசி மூலம் கொடுக்கும் அந்தச் சிகிச்சை மருத்துவத்தில் நிலைபெற்றது 1930-களில்தான். விஷமும் முறிவும் ஒரே அலமாரியில் எண்பது வருஷம் அக்கம்பக்கத்தில் இருந்திருக்கின்றன.

வெயில் ஊருக்கு வந்த கலை

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னையில் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-ல் தொடங்கிய கலைப் பள்ளியில் (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) சில ஆண்டுகளிலேயே போட்டோகிராபி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னைக்கென்று ஒரு போட்டோகிராபிச் சங்கமும் அந்த 1850-களிலேயே உருவானது. 1856-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று மாட்டு வண்டிச் சாலைகளில் கேமராவோடும் கெமிக்கலோடும் சுற்றினார். அவர் படங்கள் 1858-ல் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, சுமார் 19 அடி நீளப் படமாக ஒட்டினார். கண்ணாடித் தகட்டை விட்டு, மெழுகு பூசிய காகித நெகட்டிவை அவர் அதிகம் நம்பியதற்கு நம் வெயிலும் ஒரு காரணம். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து கொண்டு போகலாம்.

வெயில் என்பது சாதாரண விஷயம் இல்லை. டெவலப்பர் பாக்கெட்டில் 20 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருப்பான். மே மாதம் நம் ஊர்க் குழாயைத் திறந்தால் முப்பதுக்கு மேல் வரும். ஜெலட்டின் உருகிப் படமே வழுக்கிக்கொண்டு போய்விடும். தென்னிந்தியாவின் முதல் ஊமைப் படமான 'கீசக வத'த்தை எடுத்த நடராஜ முதலியார், படத்தைப் புரசைவாக்கத்தில் எடுத்தாலும் பிலிமைக் கழுவ குளிர்ந்த பெங்களூரில்தான் ஏற்பாடு செய்தார். மத்திய அரசு 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனிக்கு ஊட்டி வாய்த்ததிலும் அங்குள்ள காற்றுக்குப் பங்குண்டு. மாமா உபயோகித்த 'இந்து' பேப்பர் அங்கிருந்து வந்ததுதான். (அந்தத் தொழிற்சாலை பிறகு நலிந்து மூடப்பட்டுவிட்டது. கிளேசியல் ஆசிட் 16.6 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால், ஊட்டி மார்கழியில் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். நம் ஊரில் அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியாது.)

ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு டிரேயில் மிதக்கவிடுவார் மாமா. கெமிக்கல் குளிர்ந்துவிடும். ஆனால் உள்ளே நிற்கும் மனிதனை யார் குளிர வைப்பது? வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னல் அடைத்திருக்கும். தூசி பறக்கும் என்று மின்விசிறியும் கிடையாது. பத்து நிமிஷத்தில் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணுக்கு வரும். கை தானாகவே கண்ணைத் துடைக்கும். அந்தக் கை ஒரு நிமிஷம் முன்னால்தான் டெவலப்பர் டிரேயில் இருந்திருக்கும்.

குளிர் நாட்டில் எழுதிய புத்தகங்கள் தெறிக்கும் துளியைப் பற்றி எச்சரித்தன. வேர்வை துடைக்கும் கையைப் பற்றி அவற்றில் நான் படித்ததில்லை. நம் ஊர் இருட்டறையில் கண்ணுக்குக் கெமிக்கல் போகும் முக்கியமான வழி அதுதான் என்பது எடுபிடியாக இருந்த என் அனுபவம். மாமாவின் கண்கள் விபத்துக்கு முன்பே எப்போதும் சிவந்துதான் இருக்கும். தூக்கமில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

கெமிக்கல் மாறியது, பழக்கம் மாறவில்லை

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளில் இருட்டறைக் கெமிக்கல்கள் படிப்படியாகச் சாந்தமாகிக்கொண்டே வந்திருக்கின்றன. பாதரச ஆவியில் படத்தை வரவழைத்த டாகர் முறை போனது. சயனைடு போனது. விஷமான பைரோகேலலின் இடத்தை ஹைட்ரோகுவினோன் (1880), மெட்டால் (1891) ஆகியவை பெருமளவு பிடித்துக்கொண்டன. 1927-ல் கோடக் வெளியிட்ட டி-76 இந்த இரண்டும் சேர்ந்ததுதான், இன்றும் விற்கிறது. மெட்டால் சிலருக்குக் கையில் கொப்புளமும் அரிப்பும் கொடுத்ததால், 1940-ல் இல்போர்ட் கம்பெனி கண்டுபிடித்த பெனிடோன் வந்தது.

சாந்தம் என்பதற்காகச் சாது என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஹைட்ரோகுவினோன் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்கில் அதன் தூளையும் ஆவியையும் சுவாசித்து வேலை செய்தவர்களின் வெள்ளை விழி பழுப்பாகி, கருவிழி கறைபட்டு, சிலருக்குப் பார்வையே குறைந்ததை 1940-களில் டாக்டர்கள் பதிவு செய்தார்கள். மாதம் நான்கு பிரிண்ட் போடும் மாணவருக்கு அவ்வளவு வராது. ஆனால் மூடிய அறையில் முகத்துக்கு நேராகப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால், அதே தூள்தான் பறக்கிறது.

ஆசிட்டைக் கண்டு பயப்படும் நாம் காரத்தைக் கண்டு பயப்படுவதில்லை. உண்மையில் கண்ணுக்குக் காரம்தான் மோசம். ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். காரம் அப்படி நிற்காது, கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அமுக்கி, அது கண்ணில் தெறித்துப் பார்வை போன கதைகள் நம் ஊர்களில் உண்டு. டெவலப்பர் எல்லாமே ஏறத்தாழக் காரம்தான். காஸ்டிக் சோடா சேர்ந்த சில வகைகள் மிகவும் பொல்லாதவை. கட்டுமானத் துறை சீனியர்கள் டிராயிங் பிரிண்ட் போட்ட அம்மோனியா மெஷினை மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் காரம்தான். ஆனால் அது மூக்கைப் பிடித்து நம்மை வெளியே தள்ளிவிடும். டெவலப்பருக்கு அந்த நல்ல குணமும் இல்லை.

சட்டம் பார்த்த கண்

இஞ்சினியராக வேலைக்குப் போன பிறகு, 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தைப் படிக்க நேர்ந்தது. அதன் 35-வது பிரிவுக்குத் தலைப்பே 'கண் பாதுகாப்பு'. ஆவலாகப் படித்தேன். பறந்து வரும் துகள், அளவுக்கு மீறிய வெளிச்சம் என்று இரண்டு ஆபத்துகளை அது சொன்னது. கடைசல் பட்டறைக்கும் வெல்டிங்குக்கும் பொருந்தும். தெறிக்கும் திரவத்தைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை, அதற்கு வேறு விதிகளில் தேட வேண்டும். அப்படித் தேடி என்ன பயன்? மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. மாமாவும் எடுபிடியும் சேர்ந்தால் இரண்டு பேர். தமிழ்நாடு முழுக்க இருந்த ஆயிரக்கணக்கான சின்ன இருட்டறைகளுக்கு இன்ஸ்பெக்டர் வந்ததில்லை. அவரவர் குருநாதர் சொன்னதே அங்கே சட்டம்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷ வாயு பரவியபோது, மக்கள் முதலில் உணர்ந்தது கண்ணில் மிளகாய் வைத்த எரிச்சலைத்தான். அங்கேயும் நம் ஹைப்போ வருகிறது: பாதிக்கப்பட்டவர்களுக்குச் சோடியம் தயோசல்பேட் ஊசி போடலாமா கூடாதா என்று பெரிய சர்ச்சையே நடந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. கையாளும் பொருளின் ஆபத்து என்ன என்று தொழிலாளியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய அம்சம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அது. அத்தனை உயிர் போன பிறகு கிடைத்த உரிமை. அதை நினைத்துத்தான் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு அன்று கோபம் வந்தது. தம்பிகள் மன்னிக்க வேண்டும்.

நம் இருட்டறைக்கு

இவ்வளவு சரித்திரம் சொன்னதற்குப் பலன் வேண்டாமா? பழைய விபத்துகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரிய ஆபத்து சிவப்பு விளக்கை எரியவிட்ட பிறகு இல்லை. அதற்கு முன், நல்ல வெளிச்சத்தில், கெட்டியான கெமிக்கலைத் திறந்து கலக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான். மாமாவுக்கு நடந்ததும் அப்போதுதான். ஆகவே:

கலக்கும்போது கண்ணாடி கட்டாயம். பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டில் திறந்திருக்கும். கான்டாக்ட் லென்ஸ் ஒரு தடுப்பே இல்லை. முகத்தோடு ஒட்டி நிற்கும் ரசாயனக் கண்ணாடி, அதாவது காகிள்ஸ், ஹார்டுவேர் கடையில் ஒரு பிரியாணி விலைக்குக் கிடைக்கும். கையுறையும் போடுங்கள்.

ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றாதீர்கள். பாட்டிலை மேஜையில் வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள். பொட்டாசியம் பெர்ரிசயனைடு வைத்து ப்ளீச் செய்பவர்கள் அதன் பக்கத்தில் கெட்டி ஆசிட்டைக் கொண்டுவரக் கூடாது.

சாப்பிடும், குடிக்கும் பொருள் வந்த பாட்டிலில் எந்தக் கெமிக்கலும் வேண்டாம். பெயரும் கலக்கிய தேதியும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சிவப்பு மையால் எழுதாதீர்கள், சிவப்பு விளக்கில் அது மறைந்துவிடும்!

தோளில் ஒரு சுத்தமான துண்டு, வேர்வைக்கு மட்டும். கெமிக்கல் கை துடைக்க வேறு துணி. டிரேயில் கை விடாமல் இடுக்கி வைத்து எடுங்கள். வெளிச்சம் புகாதபடி தடுப்பு வைத்து ஓர் எக்ஸாஸ்ட் விசிறி போட வேண்டும், அந்தச் செலவு எங்கள் 2008 பேட்ச் பொறுப்பு.

கடைசியாக, தண்ணீர். அமெரிக்கத் தர நிர்ணயம் 1981 முதல் கண் கழுவும் குழாய்க்குச் சொல்வது பதினைந்து நிமிஷம். கண்ணில் பட்ட உடனே, இமையை விரலால் விரித்துப் பிடித்து, மெதுவாக ஓடும் சுத்தமான தண்ணீரில் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிஷம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், ஆசிட்டுக்கு எதிராகச் சோடா என்று எதுவும் வேண்டாம். கசக்கக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. கழுவிய பிறகு கண் டாக்டர். இருட்டிலும் தடவிப் போகக்கூடிய வழியில் குழாய் இருக்க வேண்டும், வழியில் நாற்காலி இருக்கக் கூடாது.

நண்பர்களே, என் மாமா நல்ல தொழிலாளி. கெட்டிக்காரர். இருபது வருஷ அனுபவம் அவரிடம் இருந்தது, இரண்டடி தூரத்தில் குழாயும் இருந்தது. அந்த இரண்டையும் சேர்த்து வைக்க ஒருவரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கிளப் பையன்கள் டார்க் ரூம் திறக்கிறார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "டச்சிங் வேணும்னா கத்துத் தரேன்னு சொல்லு மாப்ளே. பென்சில நான் பிடிக்க முடியாது, எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்ல முடியும்" என்றார்.

அடுத்த சந்திப்புக்கு அவரை அழைத்து வருகிறேன். அதற்குள் அந்தக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் அலமாரியை விட்டுப் போயிருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும். நான் வந்ததும் முதல் வேலையாகத் திறந்து பார்ப்பேன்!

(முன்னாள் மாணவன், 2008 பேட்ச்)